தூக்குப்பாலத்தின் அடிப்பக்கம்

அந்தக் கோட்டையை நான் கட்டினேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மில் லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களே, இப்போது மூக்குக்கண்ணாடியைத் தேடித்தேடிக் கைப்பேசி பார்க்கிறவர்களே, போன வாரம் நம் குழுவில் வந்த பழைய புகைப்படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியதை ஒன்றுவிடாமல் படித்தேன். படத்தைப் போட்டவள் மேஸ்திரியின் மகள். "எங்க அப்பா கட்டின ஏரோது கோட்டை. ராஜபாளையத்துல இப்படி ஒரு கிறிஸ்துமஸ் குடில் முன்னாலயும் இல்ல, பொறவும் இல்ல." கீழே உங்கள் கும்பிட்ட கைகள், பூக்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "அடுத்த வருசத்துல இருந்து மாமா ஏரோது கோட்டையே வைக்கல. பிள்ளைகளக் கொன்ன பாவிக்கு நம்ம குடில்ல எடமில்லன்னுட்டாவ. அம்புட்டு பக்தி." இன்னொருவர், வருகிற கிறிஸ்துமஸுக்கு ஊரில் எல்லோரும் கூடி மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தலாம், யார் போர்த்துவது என்று கேட்டிருந்தார்.

அதற்கு இன்னும் யாரும் பதில் போடவில்லை. நான் போடுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். நல்ல கோட்டைக்கு நேர்வழி கிடையாது.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் மேஸ்திரி, கோட்டையின் உச்சிக் கோபுரத்தில் கை வைத்தபடி. இடது ஓரத்தில் ஒரு பின்னல் மட்டும் தெரிகிறது, பாதி ரிப்பனோடு. அது நான்.

எனக்குப் பதினொரு வயது. டிசம்பர். சஞ்சீவி மலையிலிருந்து இறங்கும் பனியும் மில்லிலிருந்து கிளம்பும் பஞ்சுத் தூசியும் தெருவில் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் கலந்து கிடந்த மாதம். அம்மா கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தாள். காகிதக் கூம்புகளில் நூல் சுற்றுகிற பிரிவு. சங்கு ஊதி ஷிப்ட் விட்டு அவள் வரும்போது புருவம், காதுமடல், இமைமுடி எல்லாம் பஞ்சாக இருக்கும். ஒரு வெள்ளைப் பூதம் குழாயடியில் குனியும். முகத்தில் தண்ணீர் அடித்து என் அம்மாவாக நிமிரும். அப்பா இல்லை. லைன் வீட்டின் ஒற்றை அறையும் அம்மாவின் வேலையும் ஒன்றுதான். அது போனால் இதுவும் போகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மழையில் நின்றால் நனையும் என்பதுபோல் தெரிந்திருந்தது.

லைன் கடைசியில் குடில் போடுவோமே, அதற்கு எப்போதும் மேஸ்திரிதான் தலைமை. அம்மாவின் பிரிவுக்கும் அவர்தான் மேஸ்திரி. சிமெண்டுச் சாக்குக் காகிதத்தைக் கசக்கிக் கரி பூசி மலை செய்வது பெரிய பையன்கள். தட்டில் வெந்தயம் முளைக்கப்போட்டுப் புல்வெளி செய்வது மேஸ்திரி மகள். யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்டேன், குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ராஜாவின் வீட்டை.

"ஏரோது வீட்டை நான் செய்றேன்."

"அதுக்கு எதுக்குட்டி ஆளு?" என்றான் எதிர்வீட்டு அண்ணன். "செருப்பு டப்பாவுல ரெண்டு சன்னல் வெட்டி வச்சா அவனே குடியேறிக்கிடுவான்."

எல்லோரும் சிரித்தீர்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "செய்யட்டும்டே. கெட்டவனுக்கும் வீடு வேணும்ல," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரை மூன்று வாரம் நேசித்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் மத்தியானம் அம்மாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோயிருந்தேன். மேஸ்திரி தோளில் ஒரு சாக்கோடு மில் கேட்டுக்கு வந்தார். "இந்தா பிடி. பழைய கோனு, ஒடஞ்சது நெளிஞ்சது எல்லாம் கெடக்கு. ஒன் ஏரோதுக்கு." வாட்ச்மேன் கையை நீட்டினார். அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு நூல்முனை வெளியே போவதற்கும் ரோஸ் நிறச் சீட்டு வேண்டும். மேஸ்திரி பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்து, மேல்பாதியிலும் கீழ்பாதியிலும் ஒரே வாசகத்தை எழுதினார்: கோன் ஒரு சாக்கு, குடில் வேலைக்கு. இரண்டிலும் கையெழுத்து. வாட்ச்மேன் முத்திரை குத்தி, ஒரு பாதியைக் கிழித்துத் தன் ஆணியில் செருகிக்கொண்டு மறுபாதியை என்னிடம் தந்தார். தடித்த காகிதம். நல்ல ரோஸ். கோவில்பட்டி மிட்டாய்க்குக்கூட அப்படி ஒரு தாள் சுற்றி நான் பார்த்ததில்லை. மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வீட்டில் சாக்கைக் கவிழ்த்தால் ஒரு கோன்கூட உடையவில்லை, நெளியவில்லை. எல்லாம் புதுசு. எல்லாவற்றின் நுனியிலும் ஊதாப் பட்டை. ஏரோதுக்கு நல்ல காலம் என்று நினைத்தேன்.

மில்லில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மறந்தவர்களுக்குச் சொல்கிறேன். நாற்பதாம் நம்பர் நூலும் அறுபதாம் நம்பர் நூலும் சுற்றி முடித்தபின் கண்ணுக்கு ஒன்றுதான். கோன் நுனியின் நிறம்தான் பேர் சொல்லும். நாற்பதுக்குப் பச்சை. அறுபதுக்கு ஊதா. கழித்துப்போட்ட சாக்குக்குப் பக்கத்தில் நின்ற புதுச் சாக்கை மேஸ்திரி அவசரத்தில் தூக்கிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு முழம் தள்ளிக் கை போயிருக்கிறது.

அது தெரியாமல் நான் ராஜ்ஜியம் கட்டினேன்.

ஏரோதை முதல் நாளே வெளியேற்றிவிட்டேன். என் கோட்டையில் சங்கு ஊதாது. ஷிப்ட் கிடையாது. முகமில்லாத ஒரு ராணி, யார் வேலையையும் யாரும் பிடுங்க முடியாத ஒரு தேசம். அதைக் காக்க வேண்டும். கோனுக்குள் கோன் செருகி ஒன்பது கோபுரம் எழுப்பினேன். உச்சிக் கோபுரத்தை மட்டும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போகும்போது வயல்களுக்கு மேலே எழுந்து எழுந்து வருமே பெரிய கோபுரம், அதன் சாய்வில் செய்தேன். மதிலை இரட்டையாக வைத்தேன். வெளிமதிலை உடைத்து வருகிறவன் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வான். மேலே வரிசையாக அரைத்தீக்குச்சி அகலத்துக்குத் துளைகள், அதன் வழியாகக் கொதிக்கும் எண்ணெய். எண்ணெய்க்குப் புளியங்கொட்டைக் கொப்பரை. வாசலை நேராக வைக்கவில்லை. மூன்று முறை திரும்பித்தான் உள்ளே வரமுடியும். ஒவ்வொரு திருப்பத்திலும் வெள்ளை நாய் ஒன்று, ரோஸ் மூக்கோடு, சோப்பில் செதுக்கியது. நம் ஊர் நாய்தான், ஆனால் யானை உயரம். மதில்மேல் காவலுக்கு ஆள் கிடையாது. செண்பகத் தோப்பு மலை அணில்கள், வாலைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு. பகைவர் பஞ்சுப் பூதங்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓசையில்லாமல் மிதந்து வருவார்கள், வாளால் வெட்ட முடியாது, தீ வைத்தால் எல்லாம் எரியும். அதனால் அகழிக்கு வெளியே உடைமுள் வேலி. பூதம் முள்ளில் மாட்டும். காற்றடிக்கும். நார் நாராகப் போகும். அம்மாவின் புருவத்துப் பஞ்சைத் திரட்டி நானே அந்த முட்களில் மாட்டிவைத்தேன். தோற்ற பூதங்கள்.

அகழிக்கு உடைந்த பீரோக் கண்ணாடி. அதன்மேல் தூக்குப்பாலம், இரண்டு நூல்களில் ஏறி இறங்கும். பாலத்தின் மேல்பக்கம் கரி. அடிப்பக்கம் மட்டும் அழகாக இருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடியில் தெரிவது அடிப்பக்கம்தான். ரோஸ் சீட்டை எடுத்தேன். மைதாப் பசை தடவி ஒட்டினேன். பாலம் இறங்கும்போது தண்ணீருக்குள் செம்பு உருகுவதுபோல் ஒரு வெளிச்சம் ஓடியது. எழுத்து, கையெழுத்து, முத்திரை எல்லாம் தலைகீழாக மிதந்தன. ராணியின் சாசனம் என்று வைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் குடில் திறந்தது. மேனேஜர் வந்தார். புகைப்படம் எடுத்தார்கள், மேஸ்திரி கோபுரத்தில் கை வைத்துக்கொண்டார். நீங்கள் பார்த்த படம் அது. அது எடுத்த ஐந்து நிமிடத்தில் நடந்தது படத்தில் இல்லை.

மேனேஜர் குனிந்து கோபுர நுனியைப் பார்த்தார். அந்த வாரம்தான் மில்லுக்கு ஒரு லோடு திரும்பி வந்திருந்தது. ஊதாக் கோன் தீர்ந்துபோய், அறுபதை யாரோ பச்சைக் கோனில் சுற்றி அனுப்ப, நூல் கலந்து, நெய்த துணி முழுக்கக் கோடு.

"இந்தக் கோன் எப்படி இங்க வந்தது?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் சொல்லப்போகிறார் என்றுதான். பெருமையாக இருந்தது.

"தெரியலயே சார்," என்றார். "கோட்டை இந்தப் பிள்ள செஞ்சது. இவ அம்மா நம்ம செக்‌ஷன்தான்."

கவனியுங்கள். கோட்டை நான் செய்தது என்று அவர் வாயாலேயே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு முறை.

"மேஸ்திரி மாமாதான் தந்தாவ, சீட்டு..." என்று ஆரம்பித்தேன். என் தோளில் அம்மாவின் கை இறங்கியது. பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசாதே என்கிற கை. வாட்ச்மேனின் ஆணியில் இருந்த பாதி அன்றைக்கே காணாமல் போயிருந்தது. அவருக்கு ஞாபகமும் இல்லையாம். பண்டிகை கழிந்து அம்மா வேலைக்குப் போனபோது கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.

அன்று விளக்கு வைக்கிற நேரம் மேஸ்திரி எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தார். உட்காரவில்லை.

"கொஞ்ச நாளு பொறுத்துக்க தங்கச்சி. என் வேல போச்சுன்னா நாலு பொம்பளப்பிள்ளைகளும் தெருவுல நிக்கும். பொங்கலுக்குள்ள ஒன்ன உள்ள எடுத்துருதேன். ஆண்டவர் சத்தியமா."

"அண்ணே, நான் களவாணின்னு லைன் பூராம் பேசுதாக."

"பேசட்டும். நான் இருக்கேன்ல. அந்தச் சீட்ட மட்டும்..."

அம்மா நல்லவள். நல்லவர்கள் கோட்டை கட்டக் கூடாது. "அது எங்கயும் போகாதுண்ணே," என்றாள். "பிள்ள பாலத்துக்கு அடியில ஒட்டி வச்சிருக்கு."

ஒன்பது கோபுரம். இரட்டை மதில். எண்ணெய், முள், நாய், அணில். எல்லாவற்றையும் என் அம்மா ஒரு வாக்கியத்தில் திறந்து கொடுத்தாள். அடுப்படி இருட்டில் உட்கார்ந்து கேட்டேன். மேஸ்திரி அதன்பின் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. செருப்புச் சத்தம் போன வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் புரியவில்லை.

காலையில், நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போன நேரத்தில், பாலத்தைக் கழற்றி வெந்நீரில் நனைத்துச் சீட்டை உரித்தேன். ஓரம் கொஞ்சம் போனது. எழுத்து போகவில்லை. பூகோளப் புத்தகத்தில் வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றினேன். பட்டம் விடுகிற ரோஸ் தாளை அதே அளவுக்கு வெட்டி அடியில் ஒட்டினேன். நூல் கட்டினேன். அகழியில் மறுபடியும் செம்பு உருகியது.

மூன்று ராஜாக்களையும் தொழுவத்தை நோக்கித் தினம் ஒரு சாண் நகர்த்துவோமே, அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ராஜாக்கள் நகர்ந்தார்கள், நான் பாலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடில் பிரிக்கும் முன் கோட்டையில் கை வைத்தால் லைன் முழுக்க ஏன் என்று கேட்கும், அது மேஸ்திரிக்குத் தெரியும். லைனில் என்னைக் "கோன் களவாணி மக" என்று முதலில் கூப்பிட்டது யார் என்று எனக்குத் தெரியும். பேர் எழுதவில்லை. நேற்றுக்கூடக் குழுவில் காலை வணக்கம் போட்டிருந்தீர்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஜனவரி ஆறாம் தேதி, சாயங்காலம்தான் குடிலைப் பிரிக்க வேண்டும். மேஸ்திரி மத்தியானமே வந்துவிட்டார். மலையைத் தொடவில்லை, நட்சத்திரத்தைத் தொடவில்லை. நேராகக் கோட்டைக்குக் குனிந்தார். பாலத்தை நூலோடு பிய்த்தார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். சுற்றிலும் பிள்ளைகள். கசக்கி, பையன்கள் ஓரமாகக் கொளுத்தியிருந்த பழைய வைக்கோலில் போட்டார். பிறகு ஒன்பது கோபுரத்தையும் இரண்டே அள்ளில்.

நான் அழவில்லை. அவர் ஏமாந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் எனக்குக் காது சூடாகியிருந்தது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அம்மா அவரைக் குழாயடியில் மறித்தாள். "அண்ணே, பொங்கல் வந்துருச்சு."

"மேல எடத்துல முடிவு பண்ணிட்டாவம்மா. நான் என்ன செய்ய?"

"சீட்டு..."

"எந்தச் சீட்டு?" என்றார், வாளியை மாற்றி வைத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் மடியில் பூகோளப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். அம்மா கையெழுத்தின்மேல் விரலை ஓட்டினாள்.

"அவிய அன்னைக்குக் கிழிச்சது?"

"பட்டத் தாளு."

"திருப்பிப் பாத்தாவளா, எரிக்கிறதுக்கு முந்தி?"

"பாத்தாவ."

"அப்பப் போதும்," என்றாள் அம்மா.

எனக்கு விளங்கவில்லை. மேனேஜரிடம் ஓடலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "அந்த நாலு பிள்ளைகளும் தெருவுல எறங்கணுமாட்டி?" என்றாள். "நான் கண்ண மூடுறமட்டும் இத வெளிய எடுக்கக் கூடாது. எந்தலைல அடிச்சுச் சொல்லு." சொன்னேன். தலையில் அடித்தபோது என் கையில் பஞ்சு ஒட்டவில்லை. அவள் தலையில் பஞ்சு இல்லாத முதல் மாதம் அது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். வயலுக்கு மேலே பெரிய கோபுரம் எழுந்து வந்தது. நான் திரும்பிக்கொண்டேன். அம்மா பால்கோவாக் கடையில் கிண்டும் வேலைக்குச் சேர்ந்தாள். முந்திரித்தோட்டு நெருப்பு, கொதிக்கும் பால், விடாமல் கிண்ட வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். தெறித்த பால் அவள் முழங்கை வரைக்கும் வட்ட வட்டமாகத் தழும்பு போட்டது. வெள்ளைத் தழும்புகள். சின்னச் சின்ன நிலாக்கள் என்று இளவயதில் ஒரு கவிதை எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. அவை நிலாக்கள் இல்லை. என் மதில்மேல் நான் வைத்த எண்ணெய்க் கொப்பரை கவிழ்ந்தது அவள்மேல்.

அம்மா போன ஆடியில் போய்விட்டாள்.

புகைப்படம் வந்த மறுநாள் சேத்தூருக்குப் போனேன். மேஸ்திரி அங்கே இளைய மகள் வீட்டில் இருக்கிறார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் துண்டு, கால் வீங்கியிருந்தது. மகள் கடைக்குப் போயிருந்தாள்.

"யாரு?"

"கோன் களவாணி மக."

அவர் கண் என் முகத்துக்கு வரவில்லை. என் கைப்பைக்குப் போனது.

"கொண்டாந்திருக்கியா?" என்றார்.

முப்பத்தைந்து வருடமாக நான் தீட்டிக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் அந்த இடத்தில் மழுங்கின. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அன்னைக்கு நான் பிச்சதுல ஒரு எழுத்துகூட இல்ல தாயி. பிள்ளைக சுத்தி நிக்கு. ஒங்கிட்ட என்னன்னு கேக்க? இன்னைக்கு வருவா, நாளைக்கு வருவான்னு பாத்தேன். மேனேஜர் கூப்பிட்டாலே அவ வந்துட்டான்னுதான் நெனப்பேன். ஒங்கம்மா வரல. எதுக்கு வரல?" உண்மையிலேயே என்னிடம் கேட்டார். "மறு வருசம் குடிலுக்கு ஏரோது கோட்டை செய்யச் செருப்பு டப்பாவ எடுத்தேன். சன்னல் வெட்டாமயே தூரப் போட்டேன். வேண்டாம்னுட்டேன்."

உங்கள் மாமாவின் பக்தி இதுதான்.

அம்மா சொன்ன "போதும்" எனக்கு அந்த நாற்காலிக்கு முன்னால்தான் விளங்கியது. சுவரை இடிக்கவே வேண்டாம். வெளியே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று உள்ளே இருக்கிறவனுக்குத் தெரிந்தால் போதும். அவன் தூங்க மாட்டான். மதில் கட்டத்தான் எனக்குத் தெரியும். முற்றுகை போட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் பாலைக் கிண்டிக்கொண்டே அதைப் போட்டாள். அவருடைய பணிஓய்வு, பேரன், பேத்தி, அத்தனை கிறிஸ்துமஸிலும்.

"அம்மா?" என்று கேட்டார்.

"ஆடியில போயிட்டாக."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இறக்கி வைக்கிற மூச்சு. அந்த மூச்சுதான் என்னை இதை எழுத வைத்தது. அது மட்டும் வராமல் இருந்திருந்தால், எழுந்து பஸ் ஏறியிருப்பேனோ என்னவோ.

"அதக் குடுத்துட்டுப் போ தாயி. மத்தவுகளுக்குத் தெரிஞ்சாலும் சரி. படம் போட்ட எம்மவளுக்குத் தெரிய வேண்டாம். அவ என்னயச் சாமின்னு நெனைக்கா."

அம்மாவாக இருந்தால் கொடுத்திருப்பாள். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

மேஸ்திரி மகளே, வெந்தயம் முளைக்கப்போட்டவளே, நீயும் இதைப் படிக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்காக என் அம்மா முப்பத்தைந்து வருடம் திருடியாக இருந்தாள். இனி இருக்க மாட்டாள். நீ போட்ட படத்துக்குக் கீழேயே இன்னொரு படம் போட்டிருக்கிறேன், பெரிதாக்கிப் பார். ஓரம் கொஞ்சம் போயிருக்கிறது. பசைக் கறை இருக்கிறது. உன் அப்பாவின் கையெழுத்து உனக்குத் தெரியும்.

அம்மாவுக்குப் போதும். எனக்குப் போதாது.

பொன்னாடை யார் போர்த்துவது என்று கேட்டிருந்தீர்கள். நான் போர்த்துகிறேன். கடையில் சொல்லி வைத்துவிட்டேன். ரோஸ் நிறம்.